பெற்றோரும் தடுமாறுகிற கதைகள் இருந்தால் சொல்லுங்களேன்

வணக்கம். எனக்கு ஒன்பது வயதில் மகன், நான்கு வயதில் மகள். குழந்தை வளர்ப்பு நூல்கள் ஐந்தாறு படித்தாயிற்று. மூடி வைத்ததும் குற்றவுணர்ச்சிதான் மிச்சம்.

போன மாதம் ஹார்ப்பர் லீ எழுதி 1960-இல் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் படித்தேன். அடுத்தவர் இடத்தில் நின்று பார்க்காமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது என்று அப்பா அட்டிகஸ் மகளிடம் சொல்கிற இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அன்றிரவு, வீட்டுப்பாடம் என்றாலே ஏன் அழுகிறாய் என்று மகனிடம் முதல்முறையாகக் கத்தாமல் கேட்டேன். வகுப்பில் எழுதி முடிப்பதில் கடைசி ஆள் அவன்தானாம். இத்தனை நாள் சோம்பேறித்தனம் என்றே நினைத்திருந்தேன்.

இந்த மாதிரி நாவலோ சிறுகதையோ வேண்டும். தமிழிலோ மொழிபெயர்ப்பிலோ இருக்கலாம். உபதேசம் வேண்டாம், அம்மா அப்பா தப்புச் செய்து, திணறி, அப்புறம் கொஞ்சம் தெளிகிற கதையாக இருந்தால் நல்லது. ('டோட்டோ சான்' படித்துவிட்டேன். அருமைதான், ஆனால் அது நினைவுக்குறிப்பு.) பிள்ளைகள் தூங்கிய பிறகு அரை மணி நேரம்தான் கிடைக்கிறது, அதனால் சின்ன அத்தியாயங்கள் என்றால் வசதி.

பெயரோடு, உங்களை எந்த இடம் தொட்டது என்றும் ஒரு வரி எழுதுங்கள்.