மதில் ஓவியத்தில் கண்டல்காடு: வேரையும் உயிர்களையும் எப்படித் தொடுக்கிறது?

வாவிக்கரை:
மட்டக்களப்பு வாவியை ஒட்டிய பாடசாலை மதிலில், 20 அடி நீளம், 8 அடி உயரத்தில் கண்டல்காடு (உவர்நீர்ச் சேற்றில் வளரும் மரக்காடு) வரையப் போறம். மரம், நண்டு, இறால், கொக்கு எல்லாம் ஒன்றையொன்று நம்பி வாழுறது பார்த்த உடனே பிடிபட வேணும். அம்புக்குறி போட்டால் விஞ்ஞானப் பாடப் படமாகிவிடும். எங்கே தொடங்கலாம்? மதிலின் அடியில் உப்பும் பூத்திருக்கு.

கண்ணாவேர்:
தம்பி, முதலில் நீர்மட்டத்தை முடிவு செய்யுங்க. மற்றதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் இடம் பிடிக்கும். இடப்பக்கம் நீர், வலப்பக்கம் கரை. நீர்மட்டம் தரையிலிருந்து 3 அடியில். சேறு இடப்பக்கம் 1 அடி உயரத்தில் தொடங்கி, வலப்பக்கம் போகப் போக ஏறி, 14ஆவது அடியில் நீரைத் தாண்டட்டும். நீருக்குள் இருப்பதை வெட்டுமுகமாகத் திறந்து காட்டுங்க.

மரங்களில், நீரோரம் கண்டல், அதற்குப் பின்னால் கண்ணா, உள்பக்கம் தில்லை. மூன்றுக்கும் வேர் வேறு. கண்டலின் முட்டுவேர் அடிமரத்திலிருந்து வில்லாக வளைந்து இறங்கி, சேற்றைத் தொடும் முன்னரே பல இடத்தில் கிளைக்கும். பலர் அதை ஆலம் விழுதாக நேரே தொங்கவிடுகிறார்கள்; அதோடு மரமே மாறிவிடும். கண்ணாவுக்குச் சேற்றிலிருந்து பென்சில் போல மூச்சுவேர்கள் மேலே நிற்கும். அவற்றைக் கண்டபடி தூவாதீங்க. சேற்றுக்குள் கிடையாக ஓடும் வேரிலிருந்து முளைக்கிறதால், அடிமரத்திலிருந்து வெளியே ஓடும் வரிசைகளாக நிற்க வேணும். வெட்டுமுகத்தில் அந்தக் கிடைவேரையும் காட்டினால் தொடர்பு பாதி தெரிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு உதிர்ந்த இலை. கண்டலின் பழுத்த இலை மஞ்சள். அதே மஞ்சளைக் கிளையில் ஒன்று, நீரில் மிதப்பது ஒன்று, நண்டு வளைக்குள் இழுப்பது ஒன்று, அடியில் துணுக்குகளாக இறால் மேய்வது என்று கொண்டுபோங்க. கீழே போகப் போகச் சிறிதாகவும் மண்நிறமாகவும் மாற்றுங்க. படத்தில் வேறெங்கும் அந்த மஞ்சள் வரக் கூடாது. கண் தானாகவே அதைப் பிடித்து இறங்கும். இறாலுக்கு மேலே மீன், மீனுக்கு மேலே கொக்கு. சிப்பியை முட்டுவேரில் நீர்மட்டத்தை ஒட்டி வைக்கலாம்.

சுவர்வேலை:
உப்பை நனைக்காமல் காய்ந்த தும்புத் தூரிகையால் தட்டி எடுங்க. கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். மறுகா 2 அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்க. உள்ளே நீர்த்துளி கட்டினால் சுவர் இன்னும் ஈரம், பூசாதீங்க. ஈரச் சுவரில் எனாமல் என்ற எண்ணெய்ப் பூச்சைப் பூசினால் கொப்பளித்து உரியும். தண்ணீர் கலந்து பூசுற வெளிச்சுவர் எமல்ஷன்தான் சரி.

160 சதுர அடிக்கு அடிப்பூச்சான சீலர் 2 லீற்றர், வெள்ளை எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு 4 லீற்றர் எடுங்க. சொரசொரப்பு கூடிய சுவர் கூடக் குடிக்கும். கலக்கிற தண்ணீர் உவர்க் கிணற்றுத் தண்ணீராக இருக்கக் கூடாது, அந்த உப்பே பிறகு பூக்கும். நிறத்துக்கு ஸ்டெய்னரை லீற்றருக்கு 40 மில்லிலீற்றருக்கு மேல் ஊற்றினால் சரியாகக் காயாது. மஞ்சளுக்கும் செம்மண் நிறத்துக்கும் இரும்பு ஒக்சைட் நிறமே வாங்குங்க, வெயிலில் வெளிறாது.

வாவிக்கரை:
நன்றி. கச்சான் காற்று வீசுற வெயில் காலத்தில் செய்யலாமா? பிள்ளைகளை இலை பார்க்கக் கூட்டிப்போகவும் யோசனை.

சுவர்வேலை:
செய்யலாம். ஆனால் மத்தியானத்தில் சுவர் சுட்டு, தூரிகைத் தடம் காய்ந்து நிற்கும். காலை வேளையும் பின்னேரம் 4 மணிக்குப் பிறகும் போதும். மாரி வருமுன் முடியுங்க. கீழ் ஒரு அடியை வெறும் சேற்று நிறமாகவே விடுங்க, மழைத்தெறிப்பில் கெட்டால் அந்த நிறத்தை மட்டும் திரும்பப் பூசலாம்.

கண்ணாவேர்:
கூட்டிப்போங்க. கண்ணா இலையின் அடிப்புற வெளிறலை அங்கே நேரில் பார்த்தால்தான் நிறம் கலக்க வரும். தில்லையை மட்டும் ஒடிக்க விடாதீங்க. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பழுத்துச் சிவந்து கீழே கிடக்கிற தில்லை இலையையும் படம் எடுத்தால் போதும்.