கலைச்சொல்: டிஃபால்ட் பெயில் – தவறுகைப் பிணையா, நாள்கடப்புப் பிணையா?

வணக்கம்.

நாம் தொகுக்கும் குற்ற வழக்குச் சொற்பட்டியலில் இன்னும் தீராத ஒன்று ‘டிஃபால்ட் பெயில்’. மென்பொருளில் டிஃபால்ட் என்பதை ‘இயல்புநிலை’ என்கிறோம். அதைத் தூக்கி இங்கே ஒட்டி ‘இயல்புநிலைப் பிணை’ என்றால் பொருளே மாறிவிடும். யாருக்கும் இயல்பாகக் கிடைப்பதல்ல இது. காவல்துறை குறித்த நாளுக்குள் புலனாய்வை முடித்து இறுதி அறிக்கையைத் தாக்கல் செய்யாததால் கிடைப்பது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 167(2). 2024 ஜூலை 1 முதல், அதற்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 187(3). இரண்டிலும் ‘டிஃபால்ட்’ என்ற சொல்லே கிடையாது, அது தீர்ப்புகளில் புழங்கி நிலைத்த பெயர். ஆகவே சட்ட வாசகத்துக்கு நாம் கட்டுப்பட வேண்டியதில்லை.

என் முன்மொழிவு: தவறுகைப் பிணை. வங்கித் தமிழில் ‘தவணைத் தவறுகை’ ஏற்கெனவே இருக்கிறது.

————

> என் முன்மொழிவு: தவறுகைப் பிணை.

யாருடைய தவறுகை? சொல்லில் அது இல்லை. பிணையில் வந்தவர் வாய்தாவுக்கு வராமல் போவதையும் ‘பிணை தவறினார்’ என்றுதான் சொல்வோம். குற்றஞ்சாட்டப்பட்டவர் கையில் ‘தவறுகைப் பிணை மனு’ என்ற தாளைக் கொடுத்தால், தான் செய்த ஏதோ பிழைக்கான மனு என்றே நினைப்பார்.

‘தானியங்கிப் பிணை’ என்று யாராவது சொல்லுமுன் அதையும் தடுத்துவிடுகிறேன். கெடு முடிந்ததும் சிறைக்கதவு தானாகத் திறக்காது. மனு வேண்டும், சட்டமே ‘பிணை தரத் தயாராக இருந்து, தரவும் செய்தால்’ என்கிறது. 2017-இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாய்மொழியாகக் கேட்டாலே போதும் என்றது. ஆனாலும் கேட்டாக வேண்டும். கேட்கும் முன் குற்றப்பத்திரிகை (அதாவது அந்த இறுதி அறிக்கை) உள்ளே வந்துவிட்டால் உரிமை போயிற்று. 1994-இல் சஞ்சய் தத் வழக்கிலிருந்து நிலை இதுதான். ‘தானியங்கி’ என்ற பெயரை நம்பி ஒருவர் மனுப் போடாமல் காத்திருந்தால், அந்தப் பாவம் நம் பட்டியலைத்தான் சேரும்.

என் பரிந்துரை: கெடுப் பிணை. சின்னச் சொல்.

————

சின்னச் சொல்தான், ஆனால் ஒற்று விழுந்தால் ‘கெடுபிணை’. சுடுசோறு போல வினைத்தொகையாகி, கெடுக்கிற பிணை என்றாகிவிடும். தட்டச்சில் ஒற்று விழாத நாள் ஏது? ‘காலக்கெடுப் பிணை’ என்று நீட்டினால் குறிப்பிட்ட நாள் வரை மட்டும் தரும் பிணை என்று படும். அது இடைக்காலப் பிணை. ‘உரிமைப் பிணை’ அழகுதான். ஆனால் பிணையில் விடத்தக்க குற்றங்களில் கிடைப்பதும் உரிமையே, இரண்டும் குழம்பும்.

இந்தப் பிணையின் உயிர் நாள் கணக்கில் இருக்கிறது. பெயரும் அங்கிருந்துதான் வர வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டு அல்லது அதற்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு 90 நாள், மற்றவற்றுக்கு 60. போதைப்பொருள் சட்டத்தில் வணிக அளவு என்றால் 180, அதையும் நீதிமன்றம் ஓராண்டு வரை நீட்டலாம். உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் 90 நாளை 180 ஆக்கலாம்.

எண்ணுவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கைதான நாளிலிருந்து எண்ணக்கூடாது. நடுவர் ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். அந்த ரிமாண்ட் நாளும் கணக்கில் உண்டு என்பதை 2023-இல் கபில் வாதவான் வழக்கில் மூன்று நீதிபதிகள் உறுதி செய்தார்கள். மார்ச் 1 ரிமாண்ட் என்றால் 60-ஆம் நாள் ஏப்ரல் 29. ஏப்ரல் 30 காலை நீதிமன்றம் திறக்கும்போதே மனு உள்ளே போக வேண்டும், நேரம் குறித்த முத்திரையோடு. சென்னையிலிருந்து போன எம். ரவீந்திரன் வழக்கில் (2020) மனு முதலில், அதே நாளில் கூடுதல் புகார் (அங்கே குற்றப்பத்திரிகையின் இடத்தில் வருவது) பிறகு. உரிமை நிலைத்தது. வரிசை மாறியிருந்தால் கதை வேறு.

எனவே: நாள்கடப்புப் பிணை.

————

> எனவே: நாள்கடப்புப் பிணை.

பேச்சுவழக்குக்கும் ஒட்டி வருகிறது. ‘அறுபது நாள் பெயில்’ என்றால் யாருக்கும் புரியும். அதன் எழுத்து வடிவம் போலவே இருக்கிறது. ஒரே ஐயம்: நாள் கடந்ததால் காலாவதியான பிணை என்று யாராவது படிப்பார்களோ? விளக்கக் குறிப்பில் அதைத் தீர்க்கலாம்.

குறிப்பில் இரண்டு செய்திகள் விடுபடக்கூடாது. ஒன்று, வழக்கின் வலு இங்கே பார்க்கப்படாது. பணம் கட்டு என்றும் நிபந்தனை போட முடியாது. 2020-இல் சரவணன் வழக்கில் 8 லட்சம் ரூபாய் கட்டச் சொன்ன உயர் நீதிமன்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. மற்றொன்று, உத்தரவு கிடைத்ததோடு முடிவதில்லை. நீதிமன்றம் கொடுத்த நாளுக்குள் பிணையாளர்களைக் காட்டிப் பத்திரம் கொடுக்காமல் விட்டு, அதற்குள் குற்றப்பத்திரிகையும் வந்துவிட்டால் கையில் கிடைத்தது நழுவிவிடும். மனுப் போடும் நாளிலேயே பிணையாளர்களின் ஆவணங்கள் தயாராக இருக்க வேண்டும்.

————

பதிவுக்கான வரைவு:

நாள்கடப்புப் பிணை – பெயர்ச்சொல். சட்டம் குறித்த நாள்களுக்குள் புலனாய்வு முடிந்து இறுதி அறிக்கை தாக்கலாகாதபோது, காவலில் உள்ளவர் கேட்டுப் பெறும் பிணை. அறிக்கை தாக்கலாகும் முன் கேட்க வேண்டும். வேறு பெயர்கள்: 167(2) பெயில், ஸ்டாட்யூட்டரி பெயில். ஒப்பிடுக: முன்பிணை, இடைக்காலப் பிணை.

————

‘தவறுகைப் பிணை’யை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வரைவில் ‘கேட்டுப் பெறும்’ என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ‘நாள்கடப்புப்’ என்பதிலும் கடைசி ஒற்றை விட்டுவிட வேண்டாம். இங்கே விழுந்தால் பொருள் கெடாது, இலக்கணம்தான் கெடும்.