மறு: 'லிபிடோ'வுக்குத் தமிழ்: 'கூடல் நாட்டம்' பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

உடலுறவு ஆசையைக் குறிக்கும் 'லிபிடோ' என்ற மருத்துவச் சொல்லுக்கு நீங்கள் தந்த 'பாலுந்தல்' சொல்லமைப்பில் குறையற்றதுதான். ஆனால் சேலத்தில் எங்கள் மருந்துக்கடைக்கு வந்த நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் விளங்கவில்லை. 'பால்வேட்கை' என்றால் பாலுக்கு ஏங்குவதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எடைகுறைப்பு ஊசிக்கான விளக்கத்தாளில் லிபிடோ குறைவதை 'ஆண்மைக் குறைவு' என்றே எழுதிவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அதை நான் ஏற்க மாட்டேன். எங்கள் ஊர்ச் சுவர் விளம்பரங்களில் அடிபட்டு அடிபட்டு அந்தச் சொல்லே ஒரு வசவாகிவிட்டது. அதைவிட, ஆசை குறைவது வேறு, உடல் இயலாமல் போவது வேறு. பெண்களுக்கு அதில் இடமே இல்லை. அம்மாபேட்டையிலிருந்து வரும் ஒரு அக்கா மெதுவாகக் கேட்டார்: "ஊசி போட்டதிலிருந்து சோத்து மேல மட்டுமில்லீங்க, எதுமேலயும் மனசு போகல. இதுவும் மருந்தாலயா?" 'ஆண்மைக் குறைவு' என்று அச்சடித்த தாளில் அவர் தன் கேள்வியை எங்கே தேடுவார்?

அவர் சொன்னதில் மருத்துவமும் இருக்கிறது. செமாகுளூடைடு, டிர்செபடைடு போன்ற எடைகுறைப்பு ஊசி மருந்துகள் ஜிஎல்பி-1 ஏற்பிகளில் (பசியைத் தணிக்கும் ஒரு குடல் ஹார்மோன் வந்து பொருந்தும் இடங்கள்) வேலை செய்கின்றன. அந்த ஏற்பிகள் மூளையில் பசியைக் கவனிக்கும் பகுதிகளில் மட்டுமல்ல, இன்பத்தைத் தேடவைக்கும் பகுதிகளிலும் உள்ளன. சிலருக்கு மதுவின் மேலிருந்த ஆசையும் தணிவது இதனால் இருக்கலாம். குமட்டலும் சோர்வும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உணவிலுள்ள கொழுப்பைக் குடல் முழுதாக உறிஞ்சாமல் தடுக்கும் ஆர்லிஸ்டாட் என்ற எடைகுறைப்பு மருந்தின் வேலை முறை இப்படியல்ல.

அதனால்தான் 'நாட்டம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். உணவு நாட்டம், மது நாட்டம், கூடல் நாட்டம் என்று ஒரே வேரில் மூன்றையும் சொல்லலாம். 'எதிலும் நாட்டமில்லை' என்பது வீட்டில் புழங்கும் பேச்சு, கூச்சமும் இல்லை. 'கூடல்' அகப்பாடலிலிருந்து வருகிறது, ஆண் பெண் இருவருக்கும் பொது.

ஒரு சிக்கல் உண்டு. எடை குறைந்ததும் சிலருக்கு ஆசை திரும்பவும் செய்கிறது. உடல் பருமனான ஆண்களுக்கு எடை இறங்கும்போது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உயர்வதுண்டு. அதை எழுதப்போனால் 'கூடல் நாட்டம் கூடலாம்' என்று வந்து நிற்கிறது. 'மிகலாம்' என்று மாற்றியிருக்கிறேன். இப்போதைய வரி இது:

"இந்த ஊசியால் சிலருக்குக் கூடல் நாட்டம் குறையலாம், சிலருக்கு மிகலாம். குறைந்தால் நீங்களாக ஊசியை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்."

செவிலியராக இருக்கும் தோழிகள் இதை நோயாளியிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, விளங்கியதா என்று எனக்கு எழுதுங்கள். அப்புறம்தான் அச்சுக்குக் கொடுப்பேன்.