சூடானதும் அணைந்துபோகும் வண்டி, கயத்தாறு அருகே நிற்கிறோம்

வணக்கம் நண்பர்களே. ஸ்ரீநகரிலிருந்து 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தே இறங்கி வந்தோம். இன்று கடைசி நாள், மதுரையிலிருந்து கன்னியாகுமரி. காஷ்மீர் குளிரிலும் ஓடிய வண்டி கயத்தாறு தாண்டிப் படுத்துவிட்டது.

2016 மாடல், 350 சிசி, கார்பரேட்டர் வண்டி. காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. சாத்தூர் தாண்டியதும் யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி எஞ்சின் நின்றது. திணறல் இல்லை, புகை இல்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. கொஞ்ச தூரத்தில் மறுபடி அதே கதை.

பெட்ரோல் பக்கம் சந்தேகம் இல்லை. டேங்க் மூடியைத் தளர்த்திப் பார்த்தோம், கார்பரேட்டர் கிண்ணத்திலும் நன்றாக வடிகிறது. நின்ற உடனே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எஞ்சின் ஹெட்டில் வைத்து உதைத்தால் பொறியே இல்லை. புது பிளக்கிலும் அப்படித்தான். ஆறியதும் நீலமாகப் பளிச்சென்று வருகிறது. பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் மேல் ஈரத்துணி சுற்றியும் மாற்றம் இல்லை. ஹாரன், ஹெட்லைட் சரி.

கூட வரும் மச்சானின் வண்டி வேறு மாடல், பாகத்தை மாற்றிப் பார்க்க வழியில்லை. ராத்திரி நாகர்கோவிலில் அவனுக்கு ரயில் வேறு. ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து மெக்கானிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன.

கையில் மல்டிமீட்டர் இருக்கிறது. கோளாறு பல்சர் காயிலிலா (எஞ்சின் சுற்றும்போது பொறிக்கான நேரத்தைச் சைகையாக அனுப்பும் சுருள்), டிசிஐ யூனிட்டிலா (TCI, அந்தச் சைகையை வாங்கி இக்னிஷன் காயிலை இயக்கும் மின்னணுப் பெட்டி) என்று இதை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?