தொற்று பரவப் பரவ மக்களுக்கு எதிர்ப்பாற்றல் வருகிறதா, வைரஸ் அதைத் தாண்டிவிடுகிறதா?

செம்பருத்தி, இராயபுரம்:

அனைவருக்கும் வணக்கம். 2020 ஜூலையில் சென்னை மாநகராட்சி எடுத்த இரத்த மாதிரி ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கொரோனாவுக்கு எதிரான ஆன்டிபாடி (கிருமியைப் பிடித்துத் தடுக்க உடல் உருவாக்கும் புரதம்) இருப்பது தெரியவந்தது. வட சென்னையில் பெரும்பாலோருக்கு வந்து போய்விட்டது, இனி அச்சமில்லை என்று எங்கள் தெருவில் பலரும் அப்போது நம்பினார்கள். ஆனால் 2021 மே மாதத்தில் படுக்கை கிடைக்காமல் மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்சுகள் வரிசையாக நின்றன. 2022 ஜனவரியில் மறுபடியும் வீட்டுக்கு வீடு காய்ச்சல். இரண்டு தவணை தடுப்பூசி போட்டிருந்த என் அம்மாவுக்கும் வந்தது. கஞ்சியும் பாராசிட்டமாலுமாக வீட்டிலேயே குணமாகிவிட்டது. மக்களிடம் எதிர்ப்பாற்றல் உருவானது உண்மையென்றால், ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? வைரஸ் நாளடைவில் தானாகவே வலுவிழந்துவிடும் என்கிறார்களே, அதை நம்பலாமா?

நுண்ணோக்கி, கிண்டி:

நல்ல கேள்வி, அம்மா. முதலில் மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். கொரோனா வைரஸின் மரபணுத் தொகுப்பு ஏறத்தாழ 30,000 வேதி எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை. நம் உயிரணுவுக்குள் அது படியெடுக்கப்படும்போது அங்கங்கே பிழை விழும். இந்த வகை வைரஸ்களிடம் பிழை திருத்தும் நொதி ஒன்று இருப்பதால், அந்த வசதி இல்லாத இன்ஃபுளூயன்சாவைவிட இவை மெதுவாகவே மாறுகின்றன. விழும் பிழைகளில் பெரும்பாலானவை பயனற்றவை. பல, வைரஸுக்கே கேடானவை. எப்போதாவது ஒன்று, உயிரணுவுக்குள் எளிதாக நுழையவோ ஆன்டிபாடியின் பிடியிலிருந்து நழுவவோ உதவிவிட்டால், அந்தப் பிழையைச் சுமந்த வைரஸ்கள் மற்றவற்றை முந்திக்கொண்டு பரவுகின்றன. நம்மைத் தாக்கத் திட்டமிட்டு அது மாறுவதில்லை. ஒரே நேரத்தில் கோடிக்கணக்கானோரிடம் பெருகும்போது வாய்ப்புகள் பெருகுகின்றன, அவ்வளவே.

இனி 2021-க்கு வருவோம். ஐந்தில் ஒருவருக்கு வந்திருந்தது என்றால், ஐந்தில் நால்வருக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணியிருக்க வேண்டும். தொடக்கத்தில் பரவிய வைரஸ், எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து சராசரியாக மூவருக்குத் தொற்றும் என்று கொண்டால், பரவல் அடங்க மக்களில் மூன்றில் இரு பங்கினருக்குத் தொற்றைத் தடுக்கும் அளவு எதிர்ப்பாற்றல் வேண்டும். 2020-இன் இறுதியில் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட டெல்டா என்ற திரிபு (மாறிய வகை), ஐந்தாறு பேருக்குத் தொற்றக்கூடியதாக இருந்தது. அதற்கு அந்த அளவு 80 விழுக்காட்டை எட்டுகிறது, தாண்டவும் செய்கிறது. நாம் நெருங்கிக்கொண்டிருப்பதாக நினைத்த எல்லைக்கோடே நகர்ந்துவிட்டது. 2020-இலேயே மக்களில் பெரும்பகுதியினர் தொற்றுக்கு ஆளாகியிருந்ததாக மதிப்பிடப்பட்ட பிரேசிலின் மனாவுஸ் நகரிலும் 2021 ஜனவரியில் காமா திரிபு பெரும் அலையாக எழுந்து, ஆக்சிஜன் இல்லாமல் மக்கள் தவித்தார்கள்.

மருத்துவர், அடையாறு:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எதிர்ப்பாற்றல் இருக்கிறது அல்லது இல்லை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவதில்தான் குழப்பமே தொடங்குகிறது. மூக்கிலும் தொண்டையிலும் வைரஸை வாசலிலேயே மறிக்கும் ஆன்டிபாடிகளின் அளவு சில மாதங்களில் இறங்கிவிடும்; திரிபுகள் முதலில் தப்புவதும் இவற்றிடமிருந்துதான். முன்பு சந்தித்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் வெள்ளையணுக்களான நினைவு பி அணுக்களும் டி அணுக்களும் அதைவிட நெடுங்காலம் நிற்கின்றன. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஒமைக்ரான் திரிபின் ஸ்பைக் புரதத்தில் (உயிரணுவைப் பற்றி நுழைய வைரஸ் பயன்படுத்தும் மேற்பரப்பு முள்ளில்) 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. இருந்தும், டி அணுக்கள் அந்தப் புரதத்தின் பல துண்டுகளைத் தனித்தனியே அடையாளம் காண்பதால், பெரும்பாலோரிடம் அவற்றின் பாதுகாப்பு குலையவில்லை. உங்கள் அம்மாவுக்குத் தொற்று வந்தும் நுரையீரல் வரை நோய் முற்றாமல் போனதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருந்திருக்கும்.

செம்பருத்தி:

மிக்க நன்றி, டாக்டர். ஆனால் தட்டம்மை ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுவதும் வருவதில்லையே? அதுவும் வைரஸ்தானே, அது மட்டும் ஏன் மாறவில்லை?

மருத்துவர், அடையாறு:

அதுவும் ஆர்.என்.ஏ. வைரஸ்தான், அதிலும் பிழைகள் விழுகின்றன. ஆனால் அதன் மேற்பரப்புப் புரதங்களில் முக்கியமான பகுதிகள் மாறினால் அது உயிரணுவுக்குள் நுழையும் திறனையே இழந்துவிடுகிறது. ஆகவே பல்லாண்டுகளுக்கு முன் உருவாக்கிய தடுப்பூசியே இன்றும் வேலை செய்கிறது. இன்னொரு காரணத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. தட்டம்மை உடலுக்குள் புகுந்து அறிகுறி காட்ட பத்து நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் நினைவணுக்கள் விழித்துப் பெருகிவிடும். ஒமைக்ரானோ மூன்று நாளில் காய்ச்சலைத் தந்துவிடுகிறது. நினைவணுக்கள் ஆயத்தமாகும் முன்பே தொற்று நிகழ்ந்துவிடுவதால், அவற்றால் நோயின் கடுமையைத்தான் குறைக்க முடிகிறது.

நுண்ணோக்கி, கிண்டி:

வலுவிழக்கும் என்ற நம்பிக்கையைப் பற்றி: கொரோனா தொற்றியவர் நோய் முற்றும் முன்பே பிறருக்குப் பரப்பிவிடுகிறார். அதன் பின் அவர் பிழைத்தாலும் இறந்தாலும் வைரஸின் பரவலுக்குப் பெரிய வேறுபாடில்லை. எனவே சாதுவாக மாற வேண்டிய நெருக்கடி அதற்கில்லை. டெல்டா முந்தைய வகைகளைவிடக் கடுமையாகவே இருந்தது. ஒமைக்ரான் இயல்பிலேயே டெல்டாவைவிடச் சற்றுத் தணிந்தது என்பது உண்மை. ஆனால் அதே ஒமைக்ரான், முதியவர்களில் பலர் தடுப்பூசி போடாமலிருந்த ஹாங்காங்கில் 2022 மார்ச்சில் ஆயிரக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. அங்கு இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியவர்களே.