டுரூபல் கையேட்டில் ‘கேச்’: பதுக்ககமா, தேக்ககமா?

அன்புடையீர், வணக்கம்.

இணையத்தளங்களை உருவாக்கி நடத்த உதவும் டுரூபல் (Drupal) மென்பொருளில் இயங்கும் தளங்களின் நிருவாகிகளுக்கான பயிற்சிக் கையேடு இத்திங்கள் இறுதியில் அச்சுக்குச் செல்லவிருப்பதால், ஒருமுறை உருவாக்கியதை மீண்டும் வழங்க எடுத்துவைக்கும் இடமாகிய ‘கேச்’ (cache) என்பதற்கு இன்னும் முடிவாகாத தமிழ்ச்சொல்லை மீண்டும் எழுப்புகிறேன். பேராசிரியர் ஐயா பரிந்துரைத்த ‘பதுக்ககம்’ மூலச்சொல்லுக்கு அணுக்கமானது. ஒளித்துவைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்தே கேச் பிறந்தது. சங்கப் பாடல்களில் பதுக்கை என்பது பாலைவழியில் மாண்டோரை மூடிய கற்குவியல் என்று அவர் விரித்தெழுதியதையும் விரும்பிப் படித்தேன். ஆயினும் இன்று அவ்வேர் கள்ளச்சந்தையையே நினைவூட்டுகிறது. மறைப்பதும் இங்கே நோக்கமன்று. ஒருமுறை தரவுத்தளத்தை வினவி உருவாக்கிய பக்கத்தை அடுத்து வருவோர்க்கும் உடனே வழங்குவதே நோக்கம்.

‘தேக்கு’ என்னும் பிறவினையோ தேக்ககம், தேக்கிய பக்கம், தேக்கத்தகாத பகுதி எனத் தடையின்றி விரிகிறது. ‘தற்காலிக நினைவகம்’ அவ்வாறு வினையாகாது. டுரூபல் இயல்பிருப்பில் தேக்கியவற்றைத் தரவுத்தள அட்டவணைகளில் வைப்பதால் ‘நினைவகம்’ பொருளாலும் பொருந்தாது.

பெயரைவிட வினைகளே எனக்குக் கவலையளிக்கின்றன. நம் வரைவில் நீக்கல், செல்லாததாக்கல், காலாவதியாதல் ஆகிய மூன்று செயல்களுக்கும் ‘அழி’ என்றே இருக்கிறது. தேக்கிய ஒரு பதிவை நீக்கினால் அது இல்லாமற்போகும். செல்லாததாக்கினால், அதை வேண்டிக் கேட்கும் நிரல் பழைய படியை இன்னும் பெற முடியும். காலாவதியோ குறித்த நேரத்தில் தானே நிகழ்வது. 2015இல் வெளிவந்த எட்டாம் பதிப்பு முதல், ஒரு கட்டுரையைத் திருத்தியதும் அதன் குறிச்சொல்லை (எந்த உள்ளடக்கத்தைச் சார்ந்தது என்று காட்டும் அடையாளத்தை) தாங்கிய தேக்கங்கள் மட்டுமே செல்லாதவையாகின்றன. இவ்வேறுபாடு தமிழில் மறைந்தால், நிருவாகி ஒவ்வொரு திருத்தத்துக்கும் அனைத்தையும் துடைப்பார். நெரிசல் நேரத்தில் எல்லாப் பக்கங்களையும் புதிதாய்க் கட்டமுடியாமல் தளம் திணறும்.

மறுமொழி 1: மூன்று வினைகளையும் முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால் ‘தேக்கம்’ என்றால் என் மாணவர்கள் பொருளாதார மந்தத்தையே எண்ணுகிறார்கள். அவர்கள் நாவில் பழகிய ‘கேச்’ என்பதையே எழுதுவோம்.

மறுமொழி 2: ‘கேஷ்’ எனப் பணத்தோடு மயங்கும் சொல்லைக் கையேட்டில் ஏற்க இயலாது. ‘காலாவதி’ வடசொல்லாதலால் ‘காலங்கடத்தல்’ என்க. தேக்ககத்துக்கு என் இசைவு உண்டு.

மறுமொழி 3: பெரும்பான்மையர் தேக்ககத்தை ஏற்பதால், முதல் இடத்தில் ‘கேச்’ என்பதை உடன் குறித்து, பின்னர் ‘தேக்ககம்’ என்பதையே ஆள்வோம். மருந்துக்கடையிலும் வழங்கும் ‘காலாவதி’ அப்படியே நிற்கட்டும்.

மறுமொழி 4: அச்சுக்கு அனுப்புங்கள், தடையில்லை. பதுக்ககமே பொருத்தம் என்னும் என் கருத்தை மட்டும் பதிவுசெய்கிறேன்.