பழைய பிக்கப் வண்டியின் பின்விளக்குகள்: எர்த் கோளாறுதானா?

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் நெல் மூட்டை ஏற்றும் எங்கள் 18 ஆண்டுப் பழைய டீசல் பிக்கப்பில், இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்குகள் எல்லாம் சேர்ந்து மினுக்குகின்றன. பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் விளக்கு மங்குகிறது. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டும், இன்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட்டும் காட்டுவதால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்மீது எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விளக்கு எரிகையில், பின்விளக்கின் எர்த் முனைக்கும் (மின்சாரம் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் 1.8 வோல்ட் காட்டுகிறது. அரை வோல்ட்கூட இருக்கக் கூடாத இடம் அது. சேற்று வயல்வழிகளில் ஓடிச் சேஸி துருப்பிடித்துள்ளதால், எர்த் இணைப்பு அரித்திருக்கும் என்பது என் கணிப்பு. மெக்கானிக்கோ வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்; அது தேவையற்ற செலவு என்றே எனக்குப் படுகிறது. துருவைச் சுரண்டிப் பழைய இடத்திலேயே போல்ட்டை முடுக்கினால் போதுமா, பேட்டரியிலிருந்து தனி எர்த் கம்பி இழுப்பது நல்லதா? குறுவை அறுவடைக்கு முன் சரிசெய்தாக வேண்டும். அனுபவமுள்ளவர்கள் அருள்கூர்ந்து வழிகாட்டுங்கள்.